பார்க்கில் 10,000 ஸ்டெப்ஸ்... ஊர் வரப்பில் எத்தனை?

காலையில் பார்க்கில் நாலு ரவுண்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் கொஞ்சம். வாட்ச்சில் 10,000 ஸ்டெப்ஸ் காட்டினால்தான் பலருக்குத் தூக்கமே வருகிறது. அந்தக் கணக்கு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரால் பிரபலமானது.

அதே ஆட்களிடம் "ஊர்ல உங்க நிலம் எதுவரைக்கும்?" என்று கேட்டால், "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்பார்கள். அப்பாவுக்குப் பிறகு?

எல்லை காட்டிய யானை

நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, வேலை ஓலையோடு முடியவில்லை. பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். லெய்டன் செப்பேடு இதைச் சொல்கிறது. ஊரறிய நடந்த எல்லையை மறுநாள் மாற்றிப் பேசுவது சுலபமில்லை.

போனில் படம் இருக்கே, போதாதா?

போதாது. சர்வே எண் கொடுத்தால் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படத்தை (எஃப்.எம்.பி.) பார்க்கலாம், உண்மைதான். ஆனால் கல் பிடுங்கப்பட்டதையோ, பக்கத்து வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்து வருவதையோ அது காட்டாது.

சர்வே கல்லைப் பராமரிப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு என்கிறது 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டம். கவனிக்காமல் விட்டால் ஆபத்தும் உண்டு. உரிமையாளருக்கு எதிராக ஒருவர் 12 வருஷம் வெளிப்படையாக, தொடர்ச்சியாக அனுபவித்துவிட்டால், நிலத்தை மீட்கும் உரிமையே போய்விடலாம். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் வைத்திருக்கும் கெடு அது.

பொங்கலுக்கு ஒரு நடை

எப்படியும் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள்தான். அன்றைக்குப் புலப்படத்தைப் போனில் திறந்துவைத்து, அப்பாவோடு வரப்பில் இறங்கலாம். பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுவது நல்லது. சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு. வீட்டுப் பெண்களும் வரட்டும். பங்கு அவர்களுக்கும் உண்டு, எல்லை அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து வைக்கலாம். கல் காணோமா? கட்டணம் கட்டி, சர்வேயரை அளக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றிவர சுமார் 254 மீட்டர்தான். வாட்ச்சில் 400 ஸ்டெப்ஸ்கூட ஏறாது. ஆனால் அப்பா கூட இருக்கும்போதே நடந்துவிட வேண்டிய ஸ்டெப்ஸ் அவை.