எச்சரிக்கை!!! அனைவருக்கும் பகிரவும்!!!

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதற பதிவு. ஆடிட்டிங் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது உக்காந்து இதை எழுதிட்டு இருக்கேன்னா எவ்ளோ கடுப்புன்னு பாத்துக்கோங்க மக்களே.

எங்க ஊர் மணப்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. ஊருக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. துபாய், சிங்கப்பூர்ல இருக்கற அண்ணன்மாரும் சேத்து இருநூறு பேருக்கு மேல. யார் வீட்டுல சாவு, நாளைக்கு எத்தனை மணியில இருந்து கரண்ட் இருக்காது, எந்தத் தெருவுக்கு எப்ப தண்ணி விடுவாங்க... இதுக்குத்தான் ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான். முன்ன இதுக்கெல்லாம் தண்டோரா போடுவாங்க. ஒரு தெருக்காரங்க மட்டும் பறையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர் பூரா நின்னு நின்னு கத்தணும். அது தேவையில்ல, வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கலாம்னு 2022 ஆகஸ்டுல அரசாங்கமே நிறுத்தச் சொல்லிட்டாங்க. ரொம்ப சரி. ஆனா தண்டோராவுல, சொல்றவர் யாரு, சொல்லச் சொன்னது யாருன்னு ஊருக்கே தெரியும். தப்பாப் போனா நேரா போய்க் கேக்கலாம். வாட்ஸப்புல? ரெண்டு அம்புக்குறி, "பலமுறை பகிரப்பட்டது". யாரைப் போய்க் கேப்பீங்க?

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் ஆடி மாசம் ஊருக்கு ஒரு போர்வை விக்கிற பையன் வந்தான். வடக்கத்திப் பையன். என் வயசுதான் இருக்கும். பழைய டிவிஎஸ் எக்ஸெல்ல மூட்டையைக் கட்டிக்கிட்டு, அரைகுறைத் தமிழ்ல "போர்வை அக்கா, பெட்ஷீட் அக்கா"ன்னு. எங்க பெரியம்மா ஒண்ணு எடுத்தாங்க, 700 ரூபாய். பாதி கையில, பாதி அடுத்த மாசம். இவங்க யாவாரமே அப்படித்தான், நம்பிக் கொடுத்துட்டுப் போவாங்க.

அன்னிக்கின்னு பாத்து காலையில குரூப்புல ஒரு "எச்சரிக்கை". வட மாநிலத்துல இருந்து 400 பேர் குழந்தை கடத்த இறங்கியிருக்காங்களாம், போர்வை விக்கிற மாதிரி வந்து நோட்டம் பாப்பாங்களாம். அதைக் குரூப்புல போட்டது வேற யாரும் இல்ல, எங்க பெரியப்பா. மத்தியானம் மூணு மணிக்கு அந்தப் பையனைக் கோயில் மண்டபத்துல உக்கார வெச்சுட்டாங்க. சுத்தி நாப்பது அம்பது பேர். போனைப் புடுங்கியாச்சு. ஆதார் கார்டைப் போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டாச்சு. ரெண்டு அறையும் விழுந்துச்சு. ரேஷன் கடை அக்கா மட்டும் "யாரும் கை வைக்காதீங்கடா"ன்னு குறுக்க நின்னாங்க. போலீஸ் வந்து விசாரிச்சுட்டு, ஒண்ணும் இல்லன்னு அனுப்பி வெச்சாங்க. சாயங்காலம் ஆறு மணி. அவன் வண்டியைத் தள்ளிக்கிட்டே போனான், டயர்ல காத்தை எவனோ புடுங்கி விட்டிருந்தான்.

நான் அங்கதான் இருந்தேன். ஒண்ணும் பேசல. அதையும் எழுதிடறேன்.

"அடி கொஞ்சம்தான், விடு தம்பி"ங்கறவங்களுக்கு: 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? சென்னையில இருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கார்ல வந்த குடும்பம். வழியில பசங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க, 65 வயசு அம்மா. பிள்ளை புடிக்கிறவங்கன்னு ஊரே சேந்து அடிச்சதுல அந்த அம்மா செத்துட்டாங்க. அதே சமயத்துல பழவேற்காட்டுல ஒருத்தரை அடிச்சே கொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் காரணம் இதே மாதிரி "எச்சரிக்கை"தான். அந்த வருஷம் ஜூலையில இந்தியாவுல ஒரு தகவலை ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு வாட்ஸப்பே கட்டுப்பாடு கொண்டு வந்ததும் இந்த மாதிரிச் சாவுகளாலதான்.

இதுல இன்னொரு கூத்து. அப்ப இந்தியா முழுக்கச் சுத்துன ஒரு வீடியோ ஞாபகம் இருக்கா? பைக்ல ரெண்டு பேர் வந்து ரோட்டுல விளையாடுற குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்களே, அது. அது கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படம்! கடைசியில குழந்தையைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டு, குழந்தைங்க மேல கண்ணு வைங்கன்னு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. எவனோ அந்தக் கடைசித் துண்டை வெட்டிட்டு அனுப்பிட்டான். ஒரு பாதுகாப்பு விளம்பரத்தை வெச்சே ஆளைக் கொல்ல முடியும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப என் நிஜமான கோபம். எங்க ஊர்ல ஒரு குழந்தையைக் கூட எவனும் கடத்தல. எங்க அப்பாயிக்கு எம்பது வயசு, அவங்களுக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா எங்க தாலுக்காவுல, நடுக்காட்டுப்பட்டியில, 2019 அக்டோபர் 25 சாயங்காலம் ரெண்டு வயசுக் குழந்தை வீட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணத்துல விழுந்துச்சு. நடுவுல தீபாவளி வந்துச்சு, போச்சு. ஊரு உலகமே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. 29-ம் தேதி விடியக்காலையில பொணமாத்தான் எடுத்தாங்க. குழியில போட்டது எந்த வடநாட்டானும் இல்ல. தண்ணி வராத போரை ஒழுங்கா மூடாம விட்டதுதான்.

இத்தனைக்கும் 2010-லயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. போர் போட பதினஞ்சு நாள் முன்னாடி எழுத்துல தெரிவிக்கணும், வேலை நடக்கறப்ப சுத்தி வேலி போடணும், குழாயைச் சுத்தி சிமெண்டு மேடை, வாய்க்கு இரும்பு மூடி. கைவிட்ட போரை அடியில இருந்து தரை மட்டம் வரைக்கும் மண்ணு, கல்லுன்னு போட்டு நிரப்பணும். இது என்னிக்காவது நம்ம குரூப்புல வந்திருக்கா? நான் மேல தேடிப் பாத்துட்டேன். வரல. சாக்கைப் போட்டு மேல ஒரு கல்லை வெச்சா மூடியாச்சுன்னு இன்னமும் நினைக்கறாங்க. சாக்கு ரெண்டு மழைக்கு மக்கிடும் சாமி!

பள்ளிக்கூடத்துக்குப் போற குறுக்குப் பாதையில கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒண்ணு இருக்கு. போன மாசம் போட்டோ எடுத்து "இதுக்கு ஒரு வேலியாவது போடலாமே"ன்னு குரூப்புல போட்டேன். ரெண்டு கட்டைவிரல். அதுக்குக் கீழயே ஒரு ரோஜாப்பூவோட "இனிய இரவு வணக்கம்". பத்து நிமிஷத்துல மேல போயிடுச்சு. ஒருத்தர் மட்டும் தனியா கூப்பிட்டு, "அது அவங்க பங்காளி தகராறுல இருக்கற கிணறு தம்பி, நீ ஏன் வாயக் குடுக்கற"ன்னார். பாருங்க, இங்கதான் இருக்கு சங்கதி. ஊர் பேர் தெரியாத பையனைப் பத்தி எச்சரிக்கை போட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உள்ளூர்க் கிணறுன்னா ஒரு சொந்தக்காரன் இருக்கான், நாளைக்குக் கல்யாணத்துல மூஞ்சியப் பாக்கணும். பம்புசெட்ல ஒட்டுப் போட்ட வயருக்கும் சொந்தக்காரன் இருக்கான், வேலியில திருட்டுக் கரண்ட் விடறவனும் நம்மாளுதான். அதனால நம்ம பாதுகாப்பெல்லாம் யாரும் கோவிச்சுக்காத பாதுகாப்பா மட்டும் இருக்கு.

பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதே, கீறாதே, 108-க்குப் போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு வரி போட என்ன கேடு? வயக்காட்டு ஊருங்க இது!

நாங்க பி.காம்ல பிழைத் திருத்தம்னு ஒரு பாடம் படிக்கறோம். கணக்குல தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு ஒண்ணு தனியா போடணும். போர்வைக்காரன் மேல தப்பு இல்லன்னு போலீஸ் சொன்னதுக்கு அப்புறம் குரூப்புல ஒரு வரி வந்துச்சா? கிடையாது. அவன் ஆதார் போட்டோ இன்னிக்கும் அங்கதான் கிடக்கு, ஊர் பேர், அப்பா பேரோட. எடுங்கன்னு அட்மின் அண்ணன்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். "பழசு தம்பி, அதை யார் பாக்கப் போறா"ங்கறார்.

கிணத்துக்கு மட்டும் அடுத்த கிராமசபையில கொடுக்க மனு எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்து இதுவரைக்கும் மூணு: நான், அப்பாயி (கைநாட்டு), ரேஷன் கடை அக்கா. பெரியப்பா படிச்சுப் பாத்துட்டு "பாப்போம்"னு மடிச்சு வெச்சிருக்கார்.

அந்தப் பையன் அதுக்கப்புறம் எங்க ஊர்ப் பக்கம் வரவே இல்ல. பாக்கி 350 ரூபாயைப் பெரியம்மா ஒரு கவர்ல போட்டு டிவி ஸ்டாண்டுல வெச்சிருக்காங்க. போர்வையைப் போத்திக்கறது பெரியப்பாதான்.