மயோனைசுக்கு முட்டை வேண்டாம், கடலை போதும்

பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை நினைத்தால் அது சரியான முடிவு. அடுத்த கேள்விக்குத்தான் இன்னும் பதில் வேண்டும்: முட்டை பார்த்த வேலையை இனி எது பார்க்கும்?

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைப்பவை மஞ்சள்கருவின் லெசித்தினும் புரதங்களும். அந்த இடத்துக்கு உலகம் முழுவதும் முன்னிறுத்தப்படுவது சோயா. ஆனால் சோயாவின் முக்கியப் புரதமான கிளைசினின் இறுகச் சுருண்டது. எண்ணெயை நாடும் பகுதிகள் உள்ளே ஒளிந்துகிடக்கும். போதாக்குறைக்கு, பிஎச் 4.5-ஐ ஒட்டி அது கரையாமல் திரண்டுவிடும். வினிகர் சேர்த்த மயோனைசின் புளிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அதனால் புரதத்தையே மாற்றுகிறார்கள். நொதியால் அளவோடு வெட்டினால் சுருள் நெகிழும். அளவு மிஞ்சினால் கசக்கும், துண்டுகள் சிறுத்து எண்ணெய்த் துளிகளைத் தாங்காது. இன்னொரு வழி, புரதத்தையும் டெக்ஸ்ட்ரான் போன்ற பெருஞ்சர்க்கரையையும் உலர்நிலையில் மிதமாகச் சூடாக்கி இணைப்பது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் வளர்த்தெடுத்த முறை இது. சர்க்கரைப் பகுதி நீருக்குள் நீண்டு, துளிகளை ஒட்டவிடாமல் தள்ளிவைக்கும். ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் உணவுக்கு இதுவே ஏற்றது.

இந்த வித்தை சோயாவோடு நிற்க வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்குப் பழகிய நிலக்கடலையும் அதே பயறுக் குடும்பம்தான். எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்ற பானத்தை எப்போதோ உருவாக்கிக் காட்டியது.

தடைகளும் உண்டு. அறுவடையில் ஈரம் பட்டால் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் சேரும். எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரின் கடும் சூட்டில் புரதம் கெடும். தோல் நீக்கிய பருப்பைச் சூடேறாமல் ஆட்டி, ஒவ்வொரு லாட்டையும் சோதித்தாக வேண்டும். கடலை ஒவ்வாதவர்களுக்கு உறையில் எச்சரிக்கையும் வேண்டும்.

கோவிலாங்குளத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், விருதுநகர் எண்ணெய் ஆலைகள் ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் அரசு இணைக்க வேண்டும். தடை ஆணையோடு ஒரு சிறு சோதனை ஆலைக்கும் பணம் ஒதுக்கியிருக்கலாம். இப்போதாவது ஒதுக்கட்டும், அதற்கு முன்பே உலர்களமும் ஈரமானியும் கடலை விளையும் ஊர்களுக்கு வந்து சேரட்டும்.