அட்டையில் உள்ள நஞ்சு



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் பைகளிலிருந்து என்னென்ன சாமான்கள் வெளியே வரும் என்பது உம்மாமாருக்குத் தெரியாததல்ல. வர்ணப் படம் அச்சிட்ட விளையாட்டு அட்டைகளும் அவற்றில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்ததாக இருக்கும், அல்லது கூட்டாளியிடம் மாற்றிக்கொண்டதாக இருக்கும். நீங்கள் குசினியில் நிற்கும்போது, "ஒனக்கு நஞ்சு ஏறிட்டு, இன்னும் ரெண்டு தரம் போனா முடிஞ்சி" என்று ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் சொல்வது காதில் விழுகிறது என்று வையுங்கள். எந்தத் தாய்க்குத்தான் திடுக்கிடாது? அட்டைகளைப் பறித்து அடுப்பில் போட்டுவிடத்தான் கை துடிக்கும்.

போடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. ஆனால் அந்த நஞ்சு என்னவென்று அறிந்துகொண்ட பிறகு தீர்மானியுங்கள் என்பதே எனது வேண்டுகோள். 'உம்மாவுக்கு ஒன்றும் விளங்காது, பேரைக் கேட்டதும் ஏசுவார்' என்று பிள்ளை ஒரு முறை மனதில் பதித்துக்கொண்டால், நாளைக்கு மெய்யான தீங்கு ஒன்று அதன் வழியில் வரும்போது அதை உங்களிடம் வந்து சொல்லாது. அட்டையை இழப்பது சிறிய விஷயம். பிள்ளையின் நம்பிக்கையை இழப்பது அப்படியல்ல.

ஆகவே இம்மாதம், நஞ்சு வரும் இரண்டு அட்டை விளையாட்டுகளைப் பற்றிப் பார்ப்போம்.

போக்கிமோன்: நேரம் போகப் போக ஏறும் நஞ்சு

போக்கிமோன் அட்டைகள் 1996இல் ஜப்பானில் வெளிவந்தன. 1999இல் ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்கு வந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவின. ஒவ்வொருவரும் 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டை வைத்து விளையாடுவார்கள். ஒரு பிராணி முன்னால் நின்று மோதும். மற்றவை பின்னால் வாங்கில் காத்திருக்கும். வாங்கு என்றுதான் அந்த இடத்துக்கே பெயர்.

ஒவ்வொரு பிராணிக்கும் உயிர்ப் புள்ளி இத்தனை என்று அட்டையில் எழுதியிருக்கும். 60 என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் அட்டை அதற்கு நஞ்சூட்டிவிட்டால், அதன் மேல் ஓர் அடையாளம் வைக்கப்படும். அதன் பிறகு, யாருடைய முறை முடிந்தாலும், அந்தப் பிராணிக்குப் பத்துப் புள்ளி சேதம். எதிராளியின் முறை முடிந்ததும் பத்து, உங்கள் பிள்ளையின் முறை முடிந்ததும் பத்து. இருவரும் ஒவ்வொரு தரம் ஆடி முடிக்கும்போது இருபது போய்விடும். வேறு அடியே விழாவிட்டாலும், 60 புள்ளி உள்ள பிராணி ஆறாவது கணக்கில் விழுந்துவிடும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அந்தப் பிராணியை வாங்குக்குப் பின்வாங்கச் செய்தால் நஞ்சு நீங்கிவிடும். புழுவாக இருப்பது கூடாகி, கூடு குளவியாவதுபோல் அடுத்த நிலைக்கு வளர்ந்தாலும் நீங்கும். மருந்து அட்டைகளும் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே பட்ட சேதம் மாறாது. நஞ்சை நிறுத்தலாம், போன உயிர்ப் புள்ளிகள் அதனால் திரும்பி வராது.

பின்வாங்குவதும் இனாமல்ல. அதற்கு அட்டையில் ஒரு விலை குறித்திருக்கும். பிராணிக்குக் கொடுத்து வைத்த சக்தி அட்டைகளில் சிலவற்றை அதற்காக இழக்க வேண்டும். மேலும், நஞ்சோடு சேர்த்து அந்தப் பிராணிக்கு உறக்கமோ முடக்கமோ வந்திருந்தால் பின்வாங்கவே இயலாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது அதற்காகத்தான். 'இப்போதே இரண்டு அட்டையை இழந்து தப்புவதா, இன்னும் ஒரு அடி அடித்துப் பார்த்துவிட்டுப் போவதா' என்று உங்கள் மகன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருப்பானாகில், அவன் தலைக்குள் நடப்பது கழித்தல் கணக்கு.

மெஜிக்: பத்தாவது துளி

இரண்டாவது விளையாட்டு இதற்கு மூத்தது. மெஜிக் த கெதரிங் என்பது அதன் பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்து 1993இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1994இல், அதில் நஞ்சு சேர்க்கப்பட்டது.

இங்கே நஞ்சு ஏறுவது பிராணிக்கல்ல, விளையாடும் ஆளுக்கு. ஒவ்வொருவரும் 20 உயிர்ப் புள்ளியோடு ஆரம்பிப்பார்கள். அது பூச்சியமானால் தோல்வி. நஞ்சுக்கு மட்டும் தனிக் கணக்கு. நஞ்சுள்ள பிராணி ஒன்று ஆளைத் தாக்கினால் அவருக்கு நஞ்சுக் காய் ஒன்றோ இரண்டோ கொடுக்கப்படும். 1994இல் வந்த தேள் அட்டை ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு காய்தான் கொடுக்கும். அந்தக் காய் உங்களை ஒன்றும் செய்யாது. உயிர்ப் புள்ளியும் குறையாது. ஒன்பது காய் வரை ஆட்டம் சாதாரணமாகத்தான் நடக்கும். பத்தாவது காய் வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். உயிர்ப் புள்ளி இருபதும் குறையாமல் இருந்தாலும் தோல்விதான்.

2010இல் இந்த நஞ்சை இன்னும் கடுமையாக்கினார்கள். தாக்கும் பிராணியின் பலம் மூன்று என்றால் மூன்று நஞ்சுக் காய் ஏறும் வகை ஒன்று வந்தது. அதற்கு உயிர்ப் புள்ளியில் கையே வைக்கத் தேவையில்லை. இருபதைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் பத்தை நிரப்பினால் போதும். அத்தோடு பெருக்கம் என்றொரு விதியும் வந்தது. ஏற்கெனவே நஞ்சுக் காய் உள்ளவருக்கு, தாக்காமலேயே இன்னொரு காய் சேர்க்கும் விதி அது. ஆனால் ஒரு காய்கூட இல்லாதவரை அது தொடாது. ஆகவே, நன்றாக விளையாடத் தெரிந்த பிள்ளை முதல் காயைத் தடுப்பதற்கே தன் பிராணிகளை முன்னால் நிறுத்திவிடும். 2023இல் வந்த இன்னொரு வகையில் நஞ்சும் ஏறும், உயிர்ப் புள்ளியும் குறையும்.

ஏறிய நஞ்சை இறக்கலாமா என்று கேட்பீர்கள். மிக அரிது. 1995இல் வந்த ஓர் அட்டை அதைச் செய்யும். அதன் பெயரே 'அட்டைகள்'! நம் ஊரில் மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையைத்தான் சொல்கிறேன். நஞ்சுக் காய்கள் எல்லாவற்றையும் அது உறிஞ்சி எடுத்துவிடும். எத்தனை காய் எடுத்ததோ அத்தனை உயிர்ப் புள்ளியையும் கொண்டு போய்விடும்.

சகோதரிகளே, இந்த இரண்டு நஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரிந்து குறைத்துக்கொண்டே போகும், இடத்தை விட்டு விலகினால் நிற்கும். மற்றது வலியே தராமல் சேர்ந்துகொண்டே போகும், தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். புறமும் பொய்யும் கெட்ட சகவாசமும் நமது வீடுகளுக்குள் எந்த வழியாக வருகின்றன என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட இலேசான உதாரணம் கிடைக்குமா? அதுவும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பாஷையில்!

நாம் கவனிக்க வேண்டிய இடம்

அப்படியானால் இந்த விளையாட்டில் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நஞ்சு என்று எழுதிய இடத்தில் இல்லை.

மெஜிக் வெளிவந்த காலத்தில் அதில் ஒரு விதி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் தங்கள் கட்டிலிருந்து ஓர் அட்டையைப் பணயம் வைப்பார்கள். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். இது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னர் அந்த விதி கைவிடப்பட்டது. பணயத்தோடு சம்பந்தப்பட்ட அட்டைகளுக்குப் போட்டிகளில் இடமில்லை. என்றாலும், தோற்றவனின் அட்டையை வென்றவன் எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்தப் புத்தகமும் தேவையில்லை. சூதை அல்லாஹ் மதுவோடு சேர்த்துத் தடுத்திருக்கிறான் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அது பணத்துக்கு மட்டுமல்ல, வர்ணக் கடதாசிக்கும் பொருந்தும் என்று சொன்னோமா?

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். போக்கிமோனில் 'ப்ரைஸ் காட்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். எதிராளியின் அட்டையைப் பரிசாக எடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். தன்னுடைய கட்டிலிருந்தே ஆறு அட்டைகளை ஒவ்வொருவரும் ஒதுக்கி வைத்து, எதிராளியின் பிராணி விழும்போது தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்வதுதான் அது. ஆட்டம் முடிந்ததும் அவரவர் அட்டை அவரவருக்கு.

இரண்டாவது, மூடிய பொதிகள். உள்ளே என்ன அட்டை இருக்கிறது என்று தெரியாமலே வாங்குவது. அரிய அட்டை கிடைக்கும் என்ற ஆசையில் பிள்ளை ஒன்று முடிய ஒன்று கேட்கும். 2001 மார்ச்சில் சவூதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புக் குழு போக்கிமோனைத் தடை செய்தபோது எடுத்துச் சொன்ன காரணங்களில், அது சூதாட்டத்துக்கு ஒப்பாக இருக்கிறது என்பதும் ஒன்று. இந்த அட்டைகளில் உள்ள உருவங்கள், மெஜிக் விளையாட்டில் வரும் சூனியப் பெயர்கள் ஆகியவை பற்றியும் கேள்விகள் எழும். அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. உங்கள் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது 'நஞ்சு விளையாட்டு' என்று மட்டும் சொல்லாமல், மேலே சொன்ன விவரங்களோடு கேளுங்கள். சரியான கேள்விக்குத்தான் சரியான பதில் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் இந்த அட்டைகளை அனுமதிப்பதாக இருந்தால் மூன்று நிபந்தனைகள் போடலாம். பணயம் கூடாது, விளையாட்டு முடிந்ததும் அவரவர் அட்டை அவரவர் பைக்குள் போக வேண்டும். மூடிய பொதிகளுக்குக் காசு இல்லை, வாங்குவதாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆயத்தக் கட்டாகவோ தனி அட்டையாகவோ வாங்கட்டும். தொழுகைக்கு அழைப்புக் கேட்டதும், யாருக்கு எத்தனை நஞ்சு ஏறியிருந்தாலும், ஆட்டம் நிற்க வேண்டும்.

அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தைப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லுங்கள். 'நஞ்சு என்று இருக்கிறது, அதனால் வேண்டாம்' என்றால் பிள்ளை உள்ளுக்குள் சிரிக்கும். 'பணயம் வைக்கிறீர்கள், அதனால் வேண்டாம்' என்றால் அதற்குப் பதிலே இருக்காது.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்கிப் பிள்ளையின் பக்கத்தில் பாயில் அமருங்கள். சேதத்தைக் குறிக்கப் பலர் தாயக்கட்டை வைப்பார்கள். எண்ணிக்கை காட்டுவதற்குத்தான் அது. அதில் உங்களுக்கு மனச் சங்கடம் இருந்தால் குசினியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துக் கொடுங்கள், அதே வேலையைச் செய்யும். பிறகு, "எனக்கு இப்ப எத்தின நஞ்சு மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தர வேறு என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்பது அதன் பிறகு தெரியவரும்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.