செய்ந்நன்றியும் செட்டிகுளமும்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப் பெயர் பெற்றன. வன்னி நிலத்தில் இது மாரியின் காலம். வடகீழ்ப் பருவக்காற்றை நம்பிக் காலபோக நெல் விதைக்கப்படும் காலம். குளங்கள் நிரம்பி வான் பாயும் காலம். அண்மைக் காலமாக இப்பருவத்திற்கு வேறொரு பெயரும் பொருந்துவதாயிற்று: நிவாரண காலம். வெள்ளத்தைத் தொடர்ந்து பொதிகள் வருகின்றன. பொதிகளைத் தொடர்ந்து நிழற்படக் கருவிகள் வருகின்றன. ஈற்றில் 'நன்றி' என்னும் சொல் எதிர்பார்க்கப்படுகின்றது. பெற்றவன் நன்றியுடையவனாய் இருத்தல் வேண்டும் என்பது இச்சடங்கின் எழுதாத விதி. அவ்விதி அறத்தின் பாற்பட்டதா, அதிகாரத்தின் பாற்பட்டதா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவிற்கு விடை காணச் செட்டிகுளத்தினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி மாதங்களில் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளப் பிரதேசத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் எனத் தமிழ்ப் பெரியோர் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயரிலே பெருமை இருந்தது. வாயிலிலே காவல் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மழையிலேயே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கூதிர் பிறந்தபோது, விதைக்க வேண்டிய கைகளுட் பல உணவுக்காக வரிசையில் நீண்டிருந்தன. டிசெம்பர் 1ஆம் திகதியே வெளியே சென்றுவர இசைவளிக்கப்பட்டது. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டபோதும், இறுதியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தம் சொந்த நிலத்துக்குச் செல்ல இயலாது, சீனியாமோட்டையிற் குடியமர்த்தப்பட்டனர்.

"உணவும் நீரும் மருந்தும் தந்தோரை மறத்தல் தகுமா?" என்று வினவுவோர் உளர். தகாதுதான். அந்நாள்களில் தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்த அயலவரும், ஓய்வின்றி உழைத்த மருத்துவரும், தொண்டரும் நன்றிக்கு உரியரே. ஆயின் கேள்வி அவர்களைப் பற்றியதன்று. ஒருவனது வயலையும் வீட்டையும் அவனுக்கு எட்டாதவாறு வைத்துவிட்டு, அவன் கையில் ஒரு பிடி அரிசியை வைப்பவன் செய்வது உதவியாகாது. உரிமையைத் தடுத்தபின் அதன் ஒரு துளியைக் கொடையாக வழங்கி, அதற்கு நன்றியும் கேட்டல், பறித்ததை மறைக்கும் உபாயமே ஆகும்.

வன்னியின் குளத்து ஊர்கள் அறிந்த நன்றி வேறு. குளக்கட்டு உடைந்தால் ஒருவன் வயல் மட்டும் அழிவதில்லை. ஆகவே மாரிக்கு முன் கட்டைத் திருத்துதலும், வாய்க்கால் வெட்டுதலும், துருசு திறக்கும் முறையை வகுத்தலும் ஊர்ப் பொதுக் கடமைகளாயின. மேல்வயற்காரன் நீரைக் கீழ்வயலுக்கு விடுவது கொடையன்று. அது கீழ்வயற்காரனின் பங்கு. 1830களில் குடியேற்ற ஆட்சி இராசகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயினும் அதனோடு கூட்டுழைப்பும் தளர்ந்து, குளப்பணி நலிவுற்றது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைகளை மீட்க முனைந்தமை இதனை உணர்த்தும். பங்கும் கடமையும் ஒருங்கே இருக்குமிடத்துச் சமுதாயம் உண்டு. அங்கே நன்றி கேளாமலே பிறக்கும்.

இதனாற் பழைய ஊரைப் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஏதிலிகளாக வந்த தோட்டத் தொழிலாளர் பலர் வவுனியா மாவட்டத்திற் குடியேறினர். காந்தீயம் இயக்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அவர்கள் காடு வெட்டினர். பிறர் வயல்களிற் குறைந்த கூலிக்கு உழைத்தனர். இடங்கொடுத்தமைக்கு அவர்கள் நன்றி பாராட்டவேண்டும் என எதிர்பார்த்தவர்கள், அவர்தம் உழைப்புக்குத் தாம் பட்ட கடனை எண்ணினரா? அரசு வேலிக்குள் வைத்துக் கேட்ட நன்றியைக் கண்டிப்போர், தம் வரம்பின்மேல் நின்று தாம் கேட்ட நன்றியையும் கண்டித்தல் வேண்டும். இல்லையேல் அக்கண்டனத்தில் நேர்மை இராது.

திருக்குறளின் அதிகார வைப்புமுறை இங்கு நோக்கத்தக்கது. செய்ந்நன்றியறிதலை அடுத்து நிற்பது நடுவுநிலைமை. ஈகைக்கு முன் நிற்பது ஒப்புரவறிதல். நடுவுநிலையிலிருந்து பிரிந்த நன்றி அடிமைத்தனமாகவும், ஒப்புரவிலிருந்து பிரிந்த ஈகை செருக்காகவும் திரிந்துவிடும் என்பதை வன்னியின் வரலாறு தெளிவாக்குகின்றது.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது உதவிகள் பல திசைகளிலிருந்தும் சென்றன. இனியும் மாரி வரும், பல்கலைக்கழக மாணவரும் பொதிகளோடு செல்வர், செல்லவே வேண்டும். ஆனாற் பொதி கொடுத்து, படம் எடுத்து மீள்வதோடு கடமை முடிவதில்லை. அக்குடும்பத்துக்குக் காணி உறுதி உண்டா, குளக்கட்டு ஏன் திருத்தப்படவில்லை, நாட்கூலி எவ்வளவு எனக் கேட்டு, அக்கேள்விகளை உரிய அலுவலகங்களின் வாயிலுக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வன்னி உழவன் விளைவித்த நெல்லை உண்டு கற்றவர் எவரும் அங்கே கொடையாளராகச் செல்ல இயலாது. கடன் தீர்ப்பவராகவே செல்ல இயலும்.