ஆயிரம் தட்டுதான்!

அமெரிக்காவில் சியாட்டில் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1988-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சின்ன இசைத்தட்டு வெளிவந்தது. குறுக்களவு 7 அங்குலம். பக்கத்துக்கு ஒரு பாட்டு. எண் போட்டு வெளியிட்டது 1,000 தட்டுகள்தான். அந்த எண்ணையும் எந்திரம் போடவில்லை. உட்கார்ந்து கையால் எழுதினார்கள்.

இன்று அந்தத் தட்டு ஒன்று விலைக்கு வந்தால், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது!

பாடியவர்கள் யார்? 'நிர்வாணா' என்ற வாலிபர் குழு. அதுதான் அவர்களுடைய முதல் தட்டு. அப்போது அவர்களைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மூன்று ஆண்டு கழித்து, 1991-ல், உலகம் முழுவதும் அவர்கள் பெயர் பரவியது.

இதில் ஒரு வேடிக்கை. முதல் தட்டில் அவர்கள் பாடிய 'லவ் பஸ்' என்ற பாட்டு, அவர்களுடைய சொந்தப் பாட்டே அல்ல. ஹாலந்து நாட்டின் 'ஷாக்கிங் புளூ' குழு 1969-ல் பாடியது அது. இயற்றியவர் ராபி வான் லீவன்.

இரவல் பாட்டு

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் எடுத்துத் தம் பாணியில் பாடுவதை அங்கே 'கவர்' என்கிறார்கள். அது திருட்டு ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அமெரிக்காவில் 1909-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் வந்துவிட்டால் போதும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை மெட்டை மாற்றக்கூடாது; தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பாட்டை எழுதியவருக்குப் பணம் கட்டிவிடவேண்டும்.

எவ்வளவு பணம்? முதலில் 2 சென்ட். 100 சென்ட் சேர்ந்தது ஒரு டாலர். அந்த 2 சென்ட் கிட்டத்தட்ட 70 ஆண்டு காலம் ஏறவே இல்லை! 2006-ல் 9.1 சென்ட் ஆயிற்று. 2023-ல் 12 சென்ட் ஆயிற்று. பாட்டு எழுதுகிறவனுக்குப் பணம் எண்ணுவதென்றால் எந்த ஊரிலும் கை மெதுவாகத்தான் வருகிறது.

சின்னக் குழுக்கள் இரவல் பாட்டை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பெயர் தெரியாத குழுவின் புதுப்பாட்டை யார் கேட்பார்கள்? தெரிந்த பாட்டு என்றால் காது கொடுப்பார்கள். தங்களுக்குப் பிடித்த மூத்த பாடகருக்கு மரியாதை செய்தது போலவும் ஆகும். இன்னொன்று, தட்டுக்கு இரண்டு பக்கம். சொந்தப் பாட்டு ஒன்றுதான் தேறியது என்றால், மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே!

1988 டிசம்பரில் வந்த ஒரு தட்டு இந்த வகையில் மிக அழகானது. சியாட்டிலின் 'மட்ஹனி' குழுவும், நியூயார்க்கின் 'சோனிக் யூத்' குழுவும் பாட்டை மாற்றிக்கொண்டன. இவர்கள் பாட்டை அவர்கள் ஒரு பக்கத்தில் பாடினார்கள். அவர்கள் பாட்டை இவர்கள் மறுபக்கத்தில் பாடினார்கள். சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொள்வது போல!

வறுமை செய்த வேலை

இந்த இரண்டு தட்டுகளையும் வெளியிட்டது 'சப் பாப்' என்ற சின்னக் கம்பெனி. நடத்தியவர்கள் புரூஸ் பேவிட், ஜோனதன் போன்மன் என்ற இருவர். தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பவரைச் சுயேச்சை என்கிறோம் அல்லவா? பெரிய கம்பெனியைச் சேராமல் பாடுகிறவர்களின் இசைக்கும் அங்கே அப்படித்தான் பெயர். 'இண்டி ராக்' என்றால் சுயேச்சையான ராக் இசை.

சுயேச்சை என்றால் கையில் பணம் இராது. தட்டு அச்சடிக்க உலோக அச்சு செய்யவேண்டும். நூறு தட்டு அடித்தாலும் ஆயிரம் தட்டு அடித்தாலும் அந்த அச்சுக்கு ஒரே செலவு. பத்தாயிரம் அடித்து விற்காமல் போனால் கம்பெனி திவால். ஆகவே, ஆயிரத்தோடு நிறுத்தினார்கள்.

பணத்துக்கு இன்னொரு வழியும் கண்டார்கள். ரசிகர்களிடம் முன்கூட்டியே சந்தா வாங்கினார்கள். மாதம் ஒரு தட்டு தபாலில் வரும். யார் பாடியது, என்ன பாட்டு என்று முன்னால் தெரியாது. நம்பிப் பணம் கட்டவேண்டும். கட்டினார்கள்! அந்தச் சந்தாவில் முதல் தட்டாக வந்ததுதான் 'லவ் பஸ்'. 1993 வரை இது நடந்தது. பிறகும் நின்று நின்று தொடர்ந்தது.

ஆக, 'குறைந்த தட்டு' என்பது தந்திரமாகத் தொடங்கவில்லை. இல்லாமையால் வந்தது. அதிலே ஒரு நேர்மை இருந்தது.

இப்போது நடப்பது

இன்றைக்கு நிலைமை வேறு. 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம். சி.டி.க்கள் 3 கோடியே 30 லட்சம்தான். செத்துப்போனதாக எல்லோரும் கை கழுவிய கறுப்புத் தட்டு, தன்னைக் கொன்ற சி.டி.யை முந்திவிட்டது! லட்சம் தட்டு அடித்து விற்கக்கூடிய பெரிய கம்பெனிகளும் இப்போது ஆயிரம், இரண்டாயிரம் என்று எண் போட்டு விற்கின்றன. சிவப்புத் தட்டு, பச்சைத் தட்டு, புள்ளி போட்ட தட்டு என்று ஒரே பாட்டுக்குப் பல வேஷம்.

2008 ஏப்ரல் 19-ந் தேதி முதல், ஆண்டுக்கு ஒருநாள் 'ரெக்கார்டு ஸ்டோர் டே' கொண்டாடுகிறார்கள். தெருமுனை இசைத்தட்டுக் கடைகளைக் காப்பாற்ற ஏற்பட்ட நாள் அது. நல்ல நோக்கம். அன்று மட்டும் கிடைக்கும் தட்டுகளுக்காக விடியுமுன்பே வரிசை நிற்கிறது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ரசிகர்கள் என்று நினைக்கவேண்டாம். காலையில் வாங்கிய தட்டு அன்று மாலையே இணையச் சந்தையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு வந்து நிற்கிறது. உறை பிரிக்கவில்லை, ஒருமுறைகூட ஓட்டவில்லை என்பதுதான் அதற்கு விளம்பரம்! பாட்டைக் கேட்காததையே பெருமையாகச் சொல்லி விற்கும் வியாபாரம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

போலித் தட்டுகளும் வந்துவிட்டன. 'லவ் பஸ்' தட்டுக்கே போலி உண்டு. பழகிய சேகரிப்பாளர் உறையைப் பார்த்து ஏமாறமாட்டார். பாட்டு முடிந்து நடுத்தாளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தை விளக்கில் சாய்த்துப் பார்ப்பார். அசல் தட்டில் அந்த இடத்தில் ஒரு கேலி வாசகம் கீறியிருக்கும். 'அந்தக் கிட்டார்களைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி வாங்கிக்கொண்டால் என்ன?' என்பது அதன் பொருள். கீறலின் கையெழுத்தை வைத்தே அசல், போலி சொல்லிவிடுவார்கள்.

யாருக்கு லாபம்?

ஒரு சின்னக் கணக்கு. 1988-ல் தட்டுக்கு 5 சென்ட்டுக்குச் சற்று மேல் பாட்டாசிரியருக்குச் சட்டம் வைத்த பணம். 1,000 தட்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 50 டாலர். அதே தட்டில் ஒன்றே ஒன்று இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதில் எழுதியவருக்குக் காசு இல்லை. பாடியவருக்கும் இல்லை. பதிவு செய்தவருக்கும் இல்லை. இடையில் வைத்திருந்தவருக்கே எல்லாம்.

பிரான்ஸ் நாட்டில் 1920 முதல் ஓவியருக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் படம் மறுவிற்பனை ஆனால் விலையில் ஒரு பங்கு அவருக்கோ வாரிசுக்கோ போகவேண்டும். பிரிட்டனில் 2006-ல் அது வந்தது. இசைத்தட்டு ஆயிரம் பிரதி. ஓவியம் ஒன்றே ஒன்று. இரண்டும் ஒன்றா என்று வாதாடலாம். சட்டம் வேண்டாம். சந்தை நடத்தும் கம்பெனிகள் பெரிய விலைக்குப் போகும் தட்டுகளில் தாமாக ஒரு சிறு பங்கு ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது.

சேகரிப்பாளர்களை மொத்தமாகக் குறை சொல்வது தவறு. அவர்கள் இல்லாவிட்டால் பல பாட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும். 'லவ் பஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் வந்த பெரிய தட்டிலும் அது இருக்கிறது. ஆனால் சின்னத் தட்டின் தொடக்கத்தில் கேட்கும் வினோத ஒலிகள் அதில் இல்லை. இந்த வித்தியாசத்தைக் காது கொடுத்துக் கண்டு, தட்டை நிறுத்தி வைத்து, தூசி துடைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். வினைல் தட்டு வெயில் பட்டால் அப்பளம் போல வளைந்துவிடும். படுக்கவைத்து அடுக்கினால் கீழே உள்ளது கெடும். முப்பது, நாற்பது ஆண்டு இதைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை அல்ல.

குறையெல்லாம் இதுதான். தட்டு ஆயிரமாக இருக்கட்டும். பாட்டு ஏன் ஆயிரம் பேருக்கு மட்டும்? அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. இன்று ஒரு பாட்டை எல்லோரும் கேட்க இணையத்தில் விடுவதற்கு அச்சும் வேண்டாம், தபாலும் வேண்டாம். எண் போட்ட தட்டு விற்றுத் தீர்ந்த அன்றே பாட்டைத் திறந்துவிட்டால், தட்டு வைத்திருப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவரிடம் எண் இருக்கிறது, உறை இருக்கிறது, கீறல் எழுத்து இருக்கிறது. பாட்டு மட்டும் வேண்டுமென்ற ஏழை மாணவன் ஏலக்காரனிடம் போய் நிற்கவேண்டாம். சில சின்னக் கம்பெனிகள் தட்டோடு பாட்டையும் இணையத்தில் கொடுக்கின்றன. பெரிய கம்பெனிகளுக்கு இது கஷ்டமா?

கடைக்காரர்களில் பலர் ஆளுக்கு ஒரு தட்டு என்று இப்போதே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்றவர் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே போய், மறுபடி கடைசியில் வந்து நின்றால், 'உனக்குக் கொடுத்தாயிற்று' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.