செலவுப் பட்டியலில் இடம்பெறாத செலவு

வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்காகச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ நம் குடும்பங்கள் தயாரிக்கும் செலவுப் பட்டியல் பெரும்பாலும் குறையற்றதாகவே இருக்கிறது. கல்விக் கட்டணம், விமானப் பயணச்சீட்டு, மருத்துவக் காப்பீடு, குளிருக்கான உடைகள் தொடங்கி, குக்கரும் சாம்பார்ப் பொடியும் வரை அதில் உண்டு. அந்நிய மொழியிலும் பழக்கவழக்கங்களிலும் நாள்தோறும் செலவாகப்போகும் மன உழைப்பு மட்டும் அதில் இடம்பெறுவதில்லை. பணத்துக்குச் செய்யும் முன்யோசனையை இதற்கும் செய்தாக வேண்டும் என்பது என் கருத்து.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 2022-23 கல்வியாண்டு முதல் அந்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் உள்ளனர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் உண்டென்று காட்ட, 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் செலுத்த வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். இந்தக் கணக்கைக் குடும்பங்கள் கவனமாகப் போடுகின்றன. ஆனால், முதுநிலைப் படிப்புகள் பல ஆங்கிலத்தில் நடைபெறுவதால், ஜெர்மன் மொழி தேவைப்படாது என்று நம்பிவிடுகின்றன.

வகுப்பறைக்கு வெளியே நிலைமை வேறு. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தமும் காப்பீட்டு நிறுவனத்தின் அஞ்சல் கடிதங்களும் பெரும்பாலும் ஜெர்மனில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் அடைபட்டிருக்கும்; அன்று ஓசை எழுப்புவதும் அண்டை வீட்டாரின் முகச்சுளிப்புக்கு இடமாகும். இவை எதுவும் பெரிய துன்பமல்ல. ஆயினும் தாய்நாட்டில் சிந்திக்காமலே செய்த ஒவ்வொன்றையும் இங்கே சிந்தித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

மொழிச் சோர்வின் வேர் இங்கேதான் உள்ளது. தாய்மொழியைக் கேட்பதற்கு நாம் முயல்வதில்லை. அது தானே விளங்குகிறது. கற்றுக்கொண்ட மொழியிலோ ஒலிகளைப் பிரிக்க வேண்டும், தெரியாத சொல்லை ஊகிக்க வேண்டும், வாக்கியம் முடியும்வரை அனைத்தையும் நினைவில் நிறுத்த வேண்டும், அதற்குள் பதிலையும் கோக்க வேண்டும். ஜெர்மன் மொழியின் துணை வாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில்தான் வரும். தமிழருக்கு இது புதிதன்று. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் மரியாதை வேறுபாடும் அங்கே உண்டு. எனினும் பேச்சின் வேகமும் வட்டார வழக்கும் பாடநூலில் கற்றதைத் திணறடித்துவிடும். மாலையில் நண்பர்கள் சிரிக்கும் நகைச்சுவை பிடிபடாதபோது, களைத்திருப்பது மூளை என்று எண்ணாமல், ‘எனக்குத் திறமை போதவில்லை’ என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார்.

மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் பண்பாட்டு அதிர்ச்சியைச் சில கட்டங்களாக விவரித்தார். முதலில் எல்லாம் வியப்பாக இருக்கும். பிறகு எரிச்சலும் ஏக்கமும் மேலிடும். அதன் பின்னரே மெல்லத் தேறுதலும் இணக்கமும் வரும். ஒவ்வொருவருக்கும் இதே வரிசையில் நிகழும் என்பதில்லை. ஆனால் ஜெர்மனியின் கால அட்டவணையைக் கவனியுங்கள். குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. வியப்பு தேய்ந்து சோர்வு தலைதூக்கும் டிசம்பரில், பெர்லின் நகரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

‘நாங்கள் படாத கஷ்டமா? போகப் போகப் பழகிவிடும்’ என்பது பெரியோர் கூறும் ஆறுதல். அதில் உண்மை உண்டு, பெரும்பாலோர் பழகிவிடுகின்றனர். ஆயினும் மௌனமாகச் சகிப்பது வேறு, பழகுவது வேறு. வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றிருப்பதை அறிந்த பிள்ளை, தன் சோர்வை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘சாப்பிட்டாயா? பரீட்சை எப்படி?’ என்ற கேள்விகளுக்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே சிலவற்றைப் புறப்படும் முன்பே செய்யலாம். ஓராண்டுக்கு முன்பாகவே மொழிப் பயிற்சியைத் தொடங்கி, பி1 நிலையையாவது எட்ட முயல்வது நன்று. சென்னையில் கதே நிறுவனமே வகுப்புகளையும் தேர்வுகளையும் நடத்துகிறது. அக்கட்டணத்தைப் படிப்புச் செலவின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

அங்கே சென்ற பின், அலுவலக வேலைகளை மனம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் சிறிது நேரம் எம்மொழியும் பேசாமல் இருப்பது சோம்பலாகாது. தமிழ் நண்பர்களின் அறை அவசியமான இளைப்பாறும் இடம். ஆனால் அதுவே முழு உலகமாகிவிட்டால் ஜெர்மன் வளராது, சோர்வும் நீங்காது. தமக்குத் தெரிந்த மொழியைக் கற்றுக்கொடுத்து ஜெர்மனைக் கற்கும் இணைக் கற்றல் முறை பல பல்கலைக்கழகங்களில் உண்டு. உறக்கமின்மையும் தனிமையும் வாரக்கணக்கில் நீடித்தால், பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நல அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனையை நாடலாம். அதை நாடுவது அவமானமன்று.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. கடனைத் திருப்பிச் செலுத்தும் திட்டத்தைப் பிள்ளையிடம் எண்களாக எடுத்துச் சொல்லுங்கள். கல்விக் கடனின் தவணைகள் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு கால அவகாசத்துக்குப் பின்னரே தொடங்கும். அதுவரை சேரும் வட்டியை எவ்வாறு சமாளிப்பது என்பதையும் பேசிவிடுங்கள். கூடுதலாக ஒரு பருவம் தேவைப்பட்டால் ஆறு மாதச் செலவு, மேற்சொன்ன கணக்கின்படி, 5,952 யூரோ. இயன்றவர்கள் அதில் ஒரு பகுதியையேனும் முன்கூட்டி ஒதுக்கிவைக்கலாம். ஒரு தேர்வில் தவறினால் குடும்பமே மூழ்கிவிடும் என்ற அச்சம் இல்லாத மாணவரால்தான் தவறாகப் பேசிப் பேசி மொழியைக் கற்க முடியும். அடுத்த முறை தொலைபேசியில் அழைக்கும்போது, மதிப்பெண்ணுக்கு முன், ‘இன்று யாரிடம் பேசினாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.