ஆஸ்திரேலியாவில் 70, நம் நாட்டில் 57



இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்றால் லயத்து வாசலில் உட்கார்ந்து தாராளமாகப் பேசுகிறோம். குடல் புற்றுநோய் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். கக்கூஸ் சமாச்சாரம் ஆயிற்றே, எப்படிப் பேசுவது என்ற கூச்சம். மலத்தில் ரத்தம் போனால், "மூலந்தான், உடம்புச் சூடு, ரெண்டு நாள் மோர் குடிச்சாச் சரியாப் போயிடும்" என்று நாமே வைத்தியம் சொல்லிவிடுகிறோம். ஆனால் மலேசியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடி இதுதான்.

சுகாதார அமைச்சு 2018ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2007 முதல் 2011 வரை இந்த நோய் கண்டவர்களில், 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 57 பேர் அளவில். அதே 2018ல் 71 நாடுகளின் கணக்கை ஒன்றாக வைத்து ஒரு பெரிய ஆய்வும் வெளிவந்தது. அதில் ஆஸ்திரேலியாவும் தென் கொரியாவும் 70ஐத் தாண்டி நின்றன. ஆண்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இடைவெளி சின்னதல்ல.

இன்னொரு வேடிக்கை. நம்மை ஆண்ட துரைமார் நாடான பிரிட்டன், அங்கே வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். ஆனாலும் 2010 முதல் 2014 வரையிலான கணக்கில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அவர்கள் 59ல்தான் நின்றார்கள். ஆகவே பணக்கார நாடு பிழைக்கும், ஏழை நாடு சாகும் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. ஒருவர் 60 வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயை 57ல் கண்டால் 3 ஆண்டு பிழைத்தார் என்று எழுதுவார்கள். அதையே 54ல் கண்டிருந்தால் 6 ஆண்டு பிழைத்தார் என்று எழுதி, 5 ஆண்டு தாண்டியவர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ஆள் போன நாள் மாறவில்லை, ஏடுதான் மாறியது. இதைச் சொல்லி, "இந்த ஒப்பீடெல்லாம் வெறும் காகிதக் கணக்கு" என்று தட்டிக் கழிப்பவர்களும் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். குடல் விஷயத்தில் முன்னால் கண்டால் நிஜமாகவே பிழைக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் சின்ன மொட்டுப்போல் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பல ஆண்டு பிடிக்கும். அதற்குள் குழாய் விட்டுப் பார்த்து வெட்டி எடுத்துவிட்டால் புற்றே வராது. நம் நாட்டுக் கணக்கே இதைக் காட்டுகிறது: முதல் கட்டத்தில் கண்டவர்களில் 100க்கு 75 பேர் அளவில் 5 ஆண்டைத் தாண்டினார்கள். நாலாம் கட்டத்தில் வந்தவர்களில் 20 பேர்கூட இல்லை. நம் நாட்டில் 10 நோயாளிகளில் சுமார் 7 பேர் மூன்றாம், நாலாம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கோளாறு இங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் 2006 முதல் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பொட்டலம் தபாலில் வீட்டுக்கே வருகிறது. துளி மலத்தைக் குச்சியில் எடுத்து அடைத்துத் திருப்பி அனுப்பினால் போதும். கொரியாவில் 2004 முதல் அரசாங்கமே கூப்பிட்டுச் சோதிக்கிறது. நம் அரசாங்க கிளினிக்குகளிலும் 50 முதல் 75 வயது வரையுள்ளவர்களுக்கு இதே சோதனை உண்டு. ஆனால் நாம்தான் போய்க் கேட்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய், மதியம்வரை செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவன் எப்போது போய்க் கேட்பான்? போனால் அன்றைய சம்பளம் போச்சு. அவனைச் சோம்பேறி என்று திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒன்று மட்டும் கவனம்: கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறவர்கள், பல வாரமாக மலப்போக்கு மாறியவர்கள், காரணமில்லாமல் இளைப்பவர்கள் இந்தச் சோதனையோடு நிற்கக்கூடாது. நேரே டாக்டரைப் பார்க்க வேண்டும், வயது 50 ஆகாவிட்டாலும்.

அடுத்தது, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பி வருவது. இதில் நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதே கஷ்டம். புற்றுநோய் ஏடுகள் புது நோயையும் சாவையும் எழுதுகின்றனவே தவிர, திரும்பி வந்ததைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. டென்மார்க் எழுதிப் பார்த்தது. அங்கே ஒவ்வொரு குடிமகனின் எண்ணை வைத்து ஆஸ்பத்திரி ஏடுகளை இணைக்க முடியும். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களில், 5 ஆண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 2004-2008ல் 100க்கு 35 பேர். 2014-2019ல் அது 25 ஆகக் குறைந்தது. நம்மிடமும் ஆளுக்கொரு ஐ.சி. எண் இருக்கிறதே! அதே மாதிரி இணைத்து, எந்த மாநிலத்தில், எந்த வேலைக்காரருக்கு அதிகம் திரும்புகிறது என்று ஏன் கணக்கெடுக்கக்கூடாது? கணக்கில் வராத நோய்க்குப் பணமும் ஒதுக்கமாட்டார்கள்.

திரும்புகிற நோய் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுக்குள் திரும்புகிறது. ஈரலில் சின்னதாகத் தெரியும்போதே பிடித்தால் சிலருக்கு மறுபடி வெட்டி எடுக்க முடியும். அதற்காகத்தான் மாதக் கணக்கில் ரத்தச் சோதனை, ஸ்கேன் என்று தேதி போட்டுத் தருகிறார்கள். நம்மவரோ, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பஸ் செலவு" என்று அட்டையைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். நல்லாயிருக்கும்போது போனால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தமே.

வேலைச் சட்டம் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. டாக்டர் எம்.சி. எழுதினால்தான் அது கிடைக்கும். வெறும் சோதனைக்குப் போய் வந்த சீட்டைக் கிராணி ஏற்பாரா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தொழிற்சங்கத்தார் அடுத்த முறை முதலாளிமார் சங்கத்தோடு ஒப்பந்தம் பேச உட்காரும்போது இதையும் மேசையில் வைக்கட்டும்: 50 தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டில் ஒரு நாள் சம்பளத்தோடு சோதனை, ஆபரேஷன் ஆனவருக்கு ஆஸ்பத்திரித் தேதிகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, போய்வரத் தோட்டத்து வண்டி. லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சேர்த்தே கேட்கட்டும், அவனுக்கும் குடல் ஒன்றுதான்.